2¹²⁷⁷ − 1: காரணி பிடிபடாத ஓர் எண்ணைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை உவர்மலையில் பின்னேர வகுப்பு எடுக்கிறேன். சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம், உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம். வகுப்புச் சுவரில் ஒரு ஏ4 தாள் ஒட்டியிருக்கிறது. அதில் 385 இலக்கங்கள் கொண்ட ஓர் எண். அடியில், "இது சேர்த்தி எண். இதன் காரணி ஒன்றும் இன்னும் எவருக்கும் தெரியாது" என்ற வரி. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் புதிதாக வரும் பிள்ளைகள், கூட்டிக்கொண்டு போக வரும் பெற்றோர் என்று எல்லோரும் அந்த வரியிலேயே நின்றுவிடுகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். முதன்மை எண், சேர்த்தி எண் என்று நான் எழுதுவதைத் தமிழ்நாட்டுப் புத்தகங்களில் பகா எண், பகு எண் என்று படித்திருப்பீர்கள்.

ரீச்சர், சுவரில இருக்கிறது என்ன எண்?

2-ஐ 1277 தடவை எழுதி எல்லாவற்றையும் பெருக்கி, வந்த விடையில் 1-ஐக் கழித்தால் வருவது. சுருக்கமாக 2¹²⁷⁷ − 1. 2601 என்று தொடங்கி 271 என்று முடியும். ஒரு வரிக்கு 70 இலக்கம் வைத்தால் ஐந்தரை வரி பிடிக்கும். துவித முறையில் (0, 1 இரண்டை மட்டும் வைத்து) எழுதினால் இன்னும் இலகு: 1277 ஒன்றுகள் வரிசையாக நிற்கும், பூச்சியமே வராது.

2-இன் வலுவிலிருந்து 1-ஐக் கழித்து வரும் எண்களை மெர்சென் எண்கள் என்பார்கள். மார்ட்டின் மெர்சென் 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த துறவி. அவரைப் பற்றிப் பின்னால் ஒரு கேள்வி வருகிறது.

சேர்த்தி எண் என்றால் காரணி இருக்கவேணும். காரணி தெரியாது என்றால் எப்படிச் சேர்த்தி எண் என்று சொல்றீங்க?

எல்லாக் கேள்விகளிலும் எனக்குப் பிடித்தது இதுதான். காரணி என்று நான் எழுதியிருப்பது 1-ஐயும் அந்த எண்ணையும் விட்டுவிட்டு, நடுவில் வரும் காரணிகளை. அவற்றில் ஒன்றைக் கண்டுபிடித்துக் காட்டுவது, எண் சேர்த்தி எண் என்பதற்கு ஒரு சான்று. ஆனால் அது ஒன்றுதான் சான்று என்று பள்ளிக்கூடத்தில் நாமாகவே பழகிவிட்டோம். முதன்மை எண்களுக்கென்று சில குணங்கள் உண்டு. ஒரு முதன்மை எண்ணால் அந்தக் குணத்திலிருந்து தப்பவே முடியாது என்று நிறுவியிருக்கிறார்கள். நம் எண்ணில் அந்தக் குணத்தைச் சோதிக்கிறோம். இல்லை என்று வருகிறது. அவ்வளவுதான், அது முதன்மை எண் இல்லை. 1-ஐவிடப் பெரிய முழு எண் முதன்மை இல்லை என்றால் சேர்த்தி எண்தான், மூன்றாவது வழி இல்லை.

பூட்டிய வீட்டின் வெளியே நின்று மின்மானியைப் பார்க்கிறீர்கள். சக்கரம் வேகமாகச் சுற்றுகிறது. உள்ளே ஏதோ ஓடுகிறது என்பது நிச்சயம். மின்விசிறியா, குளிர்சாதனப் பெட்டியா என்று மின்மானி சொல்லாது. இந்தச் சோதனைகளும் அப்படித்தான். காரணி உண்டு என்பதை ஐயமின்றிச் சொல்லும், எது என்று சொல்லாது.

அந்தச் சோதனையைச் செய்து காட்டுவீங்களா?

மெர்சென் எண்களுக்கென்றே லூக்கா–லெமர் சோதனை இருக்கிறது. பிரெஞ்சுக்காரரான லூக்கா 1870-களில் தொடங்கினார், அமெரிக்கரான லெமர் 1930-இல் செம்மைப்படுத்தினார். 4-இல் தொடங்குங்கள். வர்க்கித்து 2-ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் வர்க்கித்து 2-ஐக் கழியுங்கள். இப்படிச் சுட்டியைவிட (2-இன் தலைமேல் நிற்கும் எண்ணைவிட) இரண்டு குறைவான தடவைகள் செய்யவேண்டும். கடைசியில் 0 வந்தால் முதன்மை எண், வேறு எது வந்தாலும் சேர்த்தி எண்.

2⁵ − 1 = 31-க்கு மூன்று படி: 4, 14, அப்புறம் 194-ஐ 31-ஆல் வகுத்த மீதி 8, அடுத்து 62, மீதி 0. ஆக 31 முதன்மை எண். 2¹¹ − 1 = 2047-க்கு ஒன்பது படி: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. பூச்சியம் வரவில்லை, ஆகவே 2047 சேர்த்தி எண். இந்தக் கணக்கில் 23-உம் 89-உம் எங்கேயும் எட்டிப்பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் 2047 = 23 × 89.

நம் எண்ணுக்கு 1275 படி. ஒவ்வொரு படியிலும் 385 இலக்க எண்ணை வர்க்கிக்கவேண்டும். கையால் நடக்காது, ஒரு சாதாரண மடிக்கணினிக்கு இது கண்சிமிட்டும் நேரத்து வேலை. கடைசியில் பூச்சியம் வருவதில்லை.

385 இலக்கம் என்று எண்ணிப் பார்த்தீங்களா?

எண்ணத் தேவையில்லை, மடக்கை போதும். 2-இன் மடக்கை 0.30103. அதை 1277-ஆல் பெருக்கினால் 384.415. முழுப்பகுதி 384 என்பதால் 385 இலக்கங்கள். 1-ஐக் கழிப்பதால் இலக்கம் குறையாது, ஏனெனில் 2-இன் வலு ஒருபோதும் 1000… என்று பூச்சியங்களாக இருக்காது.

ஓஎல் (சாதாரண தரப்) பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை. உங்கள் மடக்கை அட்டவணையில் 0.3010 என்று நான்கு தசமதானம்தான் இருக்கும். அதை வைத்துப் பெருக்கினால் 384.377 வரும். இலக்கங்களின் எண்ணிக்கை சரி. ஆனால் முரண்மடக்கை பார்த்தால் எண் 238 என்று தொடங்குவதாகக் காட்டும். உண்மையில் தொடங்குவது 260. நான்காம் தானத்துக்குப் பின்னால் விடுபட்ட சின்னஞ்சிறு துண்டு 1277 மடங்காகப் பெருகிவிட்டது. "கிட்டத்தட்ட" என்ற சொல்லைப் பெரிய சுட்டிகளோடு சேர்த்துப் பாவிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முழு எண்ணையும் பெருக்காமல் கடைசி இலக்கம் எப்படித் தெரியும்?

2, 4, 8, 6 என்று 2-இன் வலுக்களின் கடைசி இலக்கம் நான்குக்கு ஒருமுறை சுற்றும். 1277-ஐ 4-ஆல் வகுக்க மீதி 1, ஆகவே 2¹²⁷⁷ முடிவது 2-இல். ஒன்றைக் கழித்தால் 1. கடைசி இரண்டு இலக்கங்கள் இருபதுக்கு ஒருமுறை சுற்றும் (2¹, ஆரம்பத்தில் வரும் ஒற்றை 02, தவிர). 1277-ஐ 20-ஆல் வகுக்க மீதி 17. 2¹⁷ = 131072, முடிவது 72. ஒன்றைக் கழிக்க 71. இந்த 71-ஐ மறக்கவேண்டாம், கீழே தேவைப்படும்.

3, 7, 11 எல்லாம் வகுத்துப் பார்த்தாச்சா?

பார்த்தாச்சு. 3-ஆல் வகுக்க மீதி 1, 7-ஆல் 3, 11-ஆல் 6, 13-ஆல் 5. ஆனால் பார்க்கவே தேவையில்லை என்பதுதான் சுவாரசியம். இந்த எண்ணுக்கு முதன்மைக் காரணியாக வரக்கூடியவை இரண்டு நிபந்தனைகளை நிறைவுசெய்யவேண்டும். ஒன்று, 2554-இன் ஒரு மடங்கோடு 1 கூட்டி வரவேண்டும் (2554 என்பது 1277-இன் இருமடங்கு). இரண்டு, 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆக இருக்கவேண்டும்.

இந்தச் சல்லடையில் போட்டால் 2554-க்குக் கீழே ஒரு முதன்மை எண்கூடத் தேறாது. முதலில் தேறுவது 7663. ஆனால் அது 79 × 97. அடுத்தது 10217, அது 17 × 601. அடுத்தது 17879, அது 19 × 941. 20433 மூன்றால் வகுபடும், 28095 ஐந்தால் வகுபடும். ஆறாவதாக வரும் 30649-தான் முதல் முதன்மை எண். ஆக, இந்த எண்ணின் காரணியைத் தேடுபவர் முதன்முதலாக வகுத்துப் பார்க்கவேண்டியதே 30649. அதற்குக் கீழே மூவாயிரத்துக்கு மேற்பட்ட முதன்மை எண்கள் இருக்கின்றன; எல்லாம் ஒரே வீச்சில் போய்விட்டன.

2554 எங்கேயிருந்து வந்தது? சும்மா பாடமாக்கச் சொல்லாதீங்க ரீச்சர்.

சரி. நம் எண்ணுக்கு ஒரு முதன்மைக் காரணி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2, 4, 8, 16 என்று போய் ஒவ்வொன்றையும் அந்தக் காரணியால் வகுத்து மீதிகளை எழுதினால், ஓரிடத்தில் 1 வரும். அதன்பின் அதே வரிசை சுற்றும். 2¹²⁷⁷ − 1 அந்தக் காரணியால் மீதியின்றி வகுபடுவதால் 1277-ஆம் இடத்தில் மீதி 1 வந்தே ஆகவேண்டும். எனவே சுற்றின் நீளம் 1277-ஐ வகுக்கவேண்டும். 1277 ஒரு முதன்மை எண். சுற்றின் நீளம் 1 ஆகவோ 1277 ஆகவோதான் இருக்கலாம். 1 ஆக முடியாது, ஏனெனில் 2-இன் மீதி 2-தான். ஆகவே 1277.

அடுத்து பேர்மாவின் சிறு தேற்றம்: ஒற்றையான எந்த முதன்மை எண்ணை எடுத்தாலும், அதைவிட ஒன்று குறைவான இடத்தில் மீதி 1 வரும். எனவே காரணியைவிட ஒன்று குறைவான எண் 1277-இன் மடங்கு. காரணி ஒற்றை எண் என்பதால், ஒன்று குறைத்தால் இரட்டை. 1277-இன் மடங்காகவும் இரட்டையாகவும் இருப்பது 2554-இன் மடங்கு. வந்துவிட்டதா?

எட்டைப் பற்றிய நிபந்தனைக்கு: 2¹²⁷⁸-ஐ அந்தக் காரணியால் வகுக்க மீதி 2. 1278 இரட்டை என்பதால் 2¹²⁷⁸ என்பது 2⁶³⁹-இன் வர்க்கம். ஆகவே ஏதோவொரு வர்க்கம் மீதி 2 தருகிறது. அப்படி நடக்கும் ஒற்றை முதன்மை எண்கள் 8-ஆல் வகுக்க 1 அல்லது 7 மீதி தருபவை மட்டுமே என்பது பழைய தேற்றம். 2047-இல் சரிபாருங்கள்: 23-உம் 89-உம் 22-இன் மடங்கோடு 1, எட்டால் வகுக்க மீதி முறையே 7, 1.

385 இலக்கத்தை 30649-ஆல் வகுக்கிறதுக்கு ஒரு கொப்பி முடிஞ்சிடும். எப்படிச் செய்யிறது?

385 இலக்கத்தைத் தொடவே வேண்டாம். 2¹²⁷⁷-ஐ 30649-ஆல் வகுத்த மீதி 1 ஆ என்று மட்டும் பார்த்தால் போதும். 1277-ஐத் துவிதத்தில் எழுதுங்கள்: 10011111101. இடமிருந்து போங்கள். முதல் இலக்கத்துக்கு 2. அதன்பின் ஒவ்வொரு இலக்கத்துக்கும் கையிலுள்ளதை வர்க்கியுங்கள். இலக்கம் 1 என்றால் இரட்டியுங்கள். 30649-ஆல் வகுத்து மீதியை வையுங்கள்.

வருவது இது: 2, 4, 16, 512, 3255, 11591, 2779, 29235, 14422, 9970, 12386. பத்தே வர்க்கங்கள். கடைசி மீதி 12386, அது 1 இல்லை. ஆகவே 30649 காரணி இல்லை. 29235 வந்த இடத்தில் ஒரு சின்ன வித்தை: அது 30649-க்கு 1414 குறைவு, எனவே 1414-ஐ வர்க்கித்தால் போதும், மீதி மாறாது. உயர்தரப் பிள்ளைகள் அரை மணித்தியாலத்துக்குள் செய்து முடிக்கிறார்கள். கல்குலேற்றர் இல்லாமல்தான்.

அப்படியே கொம்பியூட்டரில ஒவ்வொன்றாக விட்டால் ஒருநாளைக்குப் பிடிபடாதா?

சிறிய காரணி இருந்திருந்தால் பிடிபட்டிருக்கும். நம் எண்ணின் வர்க்கமூலம் 193 இலக்கம். மிகச் சிறிய காரணி அவ்வளவு பெரிதாக இருந்தால், சல்லடையில் தேறியவற்றை மட்டும் பார்த்தாலும் 10-இன் 188-ஆம் வலு அளவுக்கு வகுத்துப் பார்க்கவேண்டும். பிரபஞ்சத்தின் வயது விநாடிகளில் 18 இலக்கம்தான். உலகத்துக் கணினிகள் எல்லாம் சேர்ந்தாலும் இந்த வழி உதவாது.

அதனால் வேறு வழிகள் கண்டுபிடித்தார்கள். 1980-களில் லென்ஸ்ட்ரா கொண்டுவந்த நீள்வளைய வளையி முறை நடுத்தரக் காரணிகளைப் பிடிக்க வல்லது. நம் எண்மீது அதை வருடக்கணக்காக ஓட்டியிருக்கிறார்கள், ஒன்றும் அகப்படவில்லை. காரணி சின்னதல்ல என்று அதிலிருந்து ஏறக்குறைய நிச்சயமாகிறது. காரணியின் அளவைப் பொருட்படுத்தாத எண் புலச் சல்லடை என்ற முறையும் இருக்கிறது. 320 இலக்கம் கொண்ட 2¹⁰⁶¹ − 1 நெடுங்காலம் இதே நிலையில் நின்றது. 2012-இல் அந்த முறையால் 143 இலக்கம், 177 இலக்கம் என்று இரண்டாக உடைந்தது. நம்முடையதில் 65 இலக்கம்தான் கூட என்று நினைப்பீர்கள். அந்த 65 இலக்கம் வேலையைப் பல மடங்காக்கிவிடுகிறது.

1277-க்கு அப்படி என்ன விசேஷம்? 1275, 1279 என்று எடுத்தால் என்ன?

1275 எடுத்தால் ஒரு விநாடியில் உடையும். 1275 = 3 × 5 × 5 × 17. சுட்டி வகுபட்டால் எண்ணும் வகுபடும்: 2¹²⁷⁵ − 1-ஐ 2³ − 1 = 7, 2⁵ − 1 = 31, 2¹⁷ − 1 = 131071 எல்லாம் வகுக்கும். அதனால்தான் முதன்மைச் சுட்டிகளை மட்டும் தேடுகிறோம்.

1279-தான் அழகு. 1277-உம் 1279-உம் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, இரண்டே இரண்டு வித்தியாசத்தில் நிற்கும் முதன்மை எண்கள். 2¹²⁷⁹ − 1 முதன்மை எண்! 386 இலக்கம். 1952 ஜூனில் ரொபின்சன் என்ற கணிதர் அமெரிக்காவின் ஸ்வாக் கணினியில் கண்டுபிடித்தார். நம் எண்ணை 4-ஆல் பெருக்கி 3-ஐக் கூட்டினால் அது வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி எல்லாம் தெரியும், இவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. முதன்மைச் சுட்டி கொண்ட மெர்சென் எண்களில், சேர்த்தி எண் என்று தெரிந்தும் ஒரு காரணிகூடத் தெரியாதவற்றுள் மிகச் சிறியது, இதை எழுதும் வரை, 2¹²⁷⁷ − 1. சுவரில் இதை ஒட்டியதற்குக் காரணம் அதுதான்.

ஏதோ ஓர் எண்ணின் வர்க்கமாக இருக்கலாமே? வர்க்கமூலம் எடுத்தால் காரணி வந்திடும்தானே?

நல்ல யோசனை, ஆனால் இல்லை. இதற்குத்தான் 71-ஐ நினைவில் வைக்கச் சொன்னேன். 1-இல் முடியும் வர்க்க எண்ணின் பத்துகளின் இட இலக்கம் எப்போதும் இரட்டை: 01, 21, 41, 61, 81. 121, 361, 441, 961 என்று எதை எடுத்தாலும் அப்படித்தான். 71-இல் 7 ஒற்றை. ஆக வர்க்கம் இல்லை. வேறு விதமாகவும் பார்க்கலாம்: 4-ஆல் வகுக்க நம் எண்ணின் மீதி 3, எந்த வர்க்கமும் அந்த மீதியைத் தராது. கனமோ, வேறு வலுவோகூட இல்லை. 2-இன் வலுவைவிட ஒன்று குறைந்த எண் (3-இலிருந்து) எதுவும் அப்படி ஆகாது என்று நிறுவப்பட்டிருக்கிறது.

நீங்க சொல்ற சோதனை பிழைச்சால்? பெரிய ஆக்களும் பிழை விட்டிருக்கிறாங்கதானே?

விட்டிருக்கிறார்கள். மெர்சென் 1644-இல் எந்தச் சுட்டிகளுக்கு முதன்மை எண் வரும் என்று 257 வரை பட்டியல் கொடுத்தார். அதில் 67-உம் 257-உம் பிழை. 61, 89, 107 விடுபட்டுப்போயின. ஆனால் அவர் கொடுத்தது ஊகம். லூக்கா–லெமர் சோதனை நிறுவப்பட்ட தேற்றம். கணக்கில் தவறு வரலாம், அதற்கு வேறு ஆட்கள் வேறு நிரல்களில் திரும்பச் செய்து பார்ப்பதுதான் மருந்து. நம் எண் அளவில் அதை எத்தனையோ பேர் செய்துவிட்டார்கள். நீங்களும் செய்யலாம், பைத்தன் தெரிந்தால் ஐந்தாறு வரிதான்.

67-இன் கதை இங்கே பொருந்தும். 2⁶⁷ − 1 சேர்த்தி எண் என்று லூக்கா 1876-இல் காட்டினார். காரணி தெரியாது. அதே சுவர்த்தாள் நிலைதான், 27 வருடம். 1903-இல் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் கோல் என்பவர் 193707721 × 761838257287 = 147573952589676412927 என்று காட்டினார். லூக்கா சொன்னது சரியாகவே இருந்தது. சல்லடையிலும் போட்டுப் பாருங்கள்: 193707720 என்பது 134-இன் மடங்கு, சரியாக 1445580 தடவை.

பேர்மா தேற்றத்தை வைத்து 2-ஆல் சோதித்தேன். முதன்மை எண் என்றுதான் வருது! யார் பிழை?

உயர்தரப் பிள்ளைகளில் கெட்டிக்காரர்கள் விழும் குழி இது. மேலே சொன்ன பேர்மா தேற்றம், முதன்மை எண் என்றால் மீதி 1 வரும் என்கிறது. மீதி 1 வந்தால் முதன்மை எண் என்று அது சொல்லவில்லை.

நம் எண்ணில் 2-ஐ வைத்துச் சோதித்தால் மீதி 1 வந்தே தீரும். 2¹²⁷⁷-ஐ நம் எண்ணால் வகுக்க மீதி 1. அது எண்ணின் வரைவிலக்கணத்திலேயே இருக்கிறது. அதைவிட ஒன்று குறைந்த எண், அதாவது 2¹²⁷⁷ − 2, 1277-இன் மடங்கு (1277-க்கே பேர்மா தேற்றத்தைப் போட்டுப் பாருங்கள்). ஆக அந்த இடத்திலும் மீதி 1-தான். முதன்மைச் சுட்டி கொண்ட மெர்சென் எண் எல்லாமே 2-ஐ இப்படி ஏமாற்றும். 2047-ஐ எடுங்கள்: 2046 = 11 × 186, மீதி 1. 3-ஐ வைத்துச் செய்தால் 2047 அகப்பட்டுவிடும். எந்த எண்ணை வைத்துச் சோதிக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இதை வைத்து நிறைவெண் வருமா?

வராது. தன்னைத் தவிர்ந்த காரணிகளைக் கூட்ட அதே எண் வந்தால் அது நிறைவெண். 2¹²⁷⁷ − 1 முதன்மை எண்ணாக இருந்திருந்தால், அதை 2¹²⁷⁶-ஆல் பெருக்க நிறைவெண் வந்திருக்கும். 6, 28, 496 வருவதும் அப்படித்தான். சேர்த்தி எண் என்பதால் கூடுதலான காரணிகள் கூட்டலில் சேர்ந்து, தன் காரணிகளின் கூட்டுத்தொகை எண்ணையே தாண்டிவிடும். எவ்வளவு தாண்டும் என்று சொல்ல நம் எண்ணின் காரணிகள் தெரியவேண்டும்.

காரணி தெரியாவிட்டாலும், எத்தனை காரணி என்றாவது தெரியுமா?

குறைந்தது இரண்டு முதன்மைக் காரணிகள். அதற்கு மேல் தெரியாது. ஆனால் தெரியாத அந்தக் காரணிகளைப் பற்றி நிறையச் சொல்லலாம். எல்லாம் 2554-இன் மடங்கோடு 1. ஒவ்வொன்றும் 8-ஆல் வகுக்க 1 அல்லது 7 மீதி தரும். நம் எண் 8-ஆல் வகுக்க 7 மீதி தருகிறது. மீதி 1 தருபவற்றை மட்டும் பெருக்கினால் 1-தான் வரும். மீதி 7 தருபவை இரட்டை எண்ணிக்கையில் இருந்தாலும் 49, 1 என்று மீதி 1 ஆகிவிடும். ஆகவே மீதி 7 தரும் காரணிகள் ஒற்றை எண்ணிக்கையில் இருக்கின்றன, ஒன்றாவது நிச்சயம். இரண்டே காரணிகள் என்றால் ஒன்று 7 வகை, மற்றது 1 வகை. ஒருவரும் கண்ணால் காணாத எண்களைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச முடிகிறதே என்பது எனக்கு இன்றும் வியப்பு.

ஒரே காரணி இரண்டு தடவை வருமா என்றும் கேட்கிறார்கள். வந்தால் அது வீஃபெரிக் எண் என்ற மிக அபூர்வ வகை முதன்மை எண்ணாக இருக்கவேண்டும். அந்த வகையில் இதுவரை தெரிந்தவை இரண்டே இரண்டு: 1093, 3511. இரண்டும் நம் சல்லடையில் தேறாது.

தங்கச்சி, இதில காசுக்கு ஏதும் வழி இருக்கா? வங்கிப் பாஸ்வேர்ட் எல்லாம் இப்படித்தான் என்று மகன் சொல்றான்.

அண்ணன், மகன் பாதி சரி. 1977-இல் வந்த ஆர்எஸ்ஏ முறையில் இரண்டு பெரிய முதன்மை எண்களின் பெருக்கம் வெளியே தெரியும், அந்த இரண்டும் இரகசியம். இப்போது புழங்குவது பெரும்பாலும் 617 இலக்கம். ஆனால் 2¹²⁷⁷ − 1-ஐ யாரும் பூட்டாகப் பாவிக்கமாட்டார்கள். ஒழுங்கான வடிவம் கொண்ட எண்ணைத் தாக்குவது, ஒழுங்கில்லாததைத் தாக்குவதைவிட இலகு. அதனால்தான் ஒழுங்கில்லாத எண்களில் சவாலாக வைக்கப்பட்ட 250 இலக்க ஆர்எஸ்ஏ எண் 2020-இல்தான் உடைந்தது. 320 இலக்க மெர்சென் எண் அதற்கு எட்டு வருடம் முன்னரே உடைந்தது.

நம் எண்ணை உடைத்தவரின் வங்கிக் கணக்கில் ஒன்றும் ஏறாது. பெரிய முதன்மை எண்ணுக்குத்தான் பரிசு: பத்துக் கோடி இலக்கங்கள் கொண்ட முதன்மை எண்ணை முதலில் காட்டுபவருக்கு 150,000 டொலர் என்று ஓர் அமெரிக்க அமைப்பு அறிவித்திருக்கிறது. 2024 ஒக்ரோபரில் கிடைத்த 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1-க்கே நான்கு கோடி இலக்கம்தான்.

நாங்களும் ஏதும் செய்து பார்க்கலாமா ரீச்சர்?

வீட்டில் கணினி இருந்தால், மெர்சென் எண்களைத் தேடும் கிம்ப்ஸ் திட்டத்தில் சேரலாம். 1996-இலிருந்து உலகெங்கும் உள்ளவர்கள் தங்கள் கணினி நேரத்தை அதற்குக் கொடுக்கிறார்கள், இலவச மென்பொருள்தான். 2¹²⁷⁷ − 1-மீது நீள்வளைய வளையி முறையை ஓட்டவும் அதில் வசதி உண்டு.

கணினி இல்லாதவர்களுக்குக் கொப்பியும் பேனாவும் போதும். 30649-க்கு அடுத்து சல்லடையில் தேறுபவை 38311, 40865, 48527. முதலாவது ஏழால் வகுபடும், இரண்டாவது ஐந்தால். 48527 முதன்மை எண். 30649-க்குச் செய்த அதே பதினொரு படியைச் செய்யுங்கள். ஐந்தாவதாக 39018 வரும். கடைசியில் 19713 வரவேண்டும். வேறு ஏதும் வந்தால் வர்க்கித்த இடத்தில்தான் பிழை இருக்கும். கொப்பியைக் கொண்டுவாருங்கள், எந்தப் படியில் என்று சேர்ந்து பார்ப்போம்.